பிப் ஓடவில்லை என்றால் பைதானை அழிக்காதீர்கள்

குடியாத்தத்திலிருந்து பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை கேட்ட கேள்வி இது:

“அண்ணா, அக்காவுக்கு ப்ளஸ் டூவுல கவர்மென்ட்டு குடுத்த லேப்டாப். விண்டோஸ் 10 ஏத்தி வெச்சிருக்கோம். பைதான் 3.12 போட்டேன். ‘பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்’னு அடிச்சா ‘பிப் இஸ் நாட் ரெகக்னைஸ்டு’னு வருது. பைதான்னு மட்டும் அடிச்சா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் தொறக்குது. மூணு வாட்டி அழிச்சிட்டுப் போட்டுப் பாத்துட்டேன். சீனியர் ஒருத்தர் சொன்னாருன்னு செட்எக்ஸ் கமாண்ட் ஒண்ணு அடிச்சேன். அதுலருந்து வி.எஸ். கோடு தொறக்கிற ‘கோடு’ கமாண்டும் போச்சு. இன்னாண்ணா பண்றது?”

நாலாவது வாட்டி அழிக்காதீர்கள் தங்கச்சி. பைதான் உங்கள் லேப்டாப்பில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருக்கிறது. பாண்டாஸ் போன்ற கூடுதல் தொகுப்புகளை இறக்கித் தருகிற பிப்பும் கூடவே வந்திருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பது நீங்கள் கட்டளை அடிக்கும் அந்தக் கறுப்பு ஜன்னலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் கோளாறு.

வேலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பைதானும் சொல்லித் தருகிறேன். செமஸ்டர் தொடங்கும் மாதத்தில் வாரத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை ஃபோனில் சொல்வதுபோலத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடைப் பையனை ஒரு சாமான் வாங்கிவர லாங்கு பஜாருக்கு அனுப்பும்போது கையில் ஒரு சீட்டு கொடுப்போம். முதலில் இந்தக் கடை, இல்லையென்றால் அடுத்தது, அப்புறம் மூலைக்கடை என்று வரிசையாக எழுதியிருக்கும். அவன் அந்த வரிசையில்தான் போவான். எந்தக் கடையில் முதலில் கிடைக்கிறதோ அங்கேயே வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான், மற்ற கடைகளை எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். சீட்டில் இருக்கிற ஒரு கடையிலும் இல்லையென்றால் “இல்லண்ணா” என்று வந்து நிற்பான். சாமான் பக்கத்துச் சந்திலேயே குவிந்து கிடக்கும், அது அவன் கவலை இல்லை. கம்ப்யூட்டரில் அந்தச் சீட்டின் பெயர் பாத். ‘நாட் ரெகக்னைஸ்டு’ என்பது பையன் சொல்லும் “இல்லண்ணா”.

உங்கள் பிப் கிடக்கும் சந்து எது என்றும் சொல்லிவிடுகிறேன். சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், ப்ரோகிராம்ஸ், பைதான், அதற்குள் பைதான்312. பைதான் நிரல் இந்தக் கடைசி ஃபோல்டரில் இருக்கும். பிப் இங்கே இருக்காது, இதற்கும் உள்ளே ஸ்க்ரிப்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் இருக்கும். ஆக சீட்டில் இரண்டு முகவரி ஏறவேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு “பைதான் ஓடுது, பிப் ஓடல” என்று வருகிறவர்கள் உண்டு. ஆப்டேட்டா மறைந்திருக்கிற ஃபோல்டர், எக்ஸ்ப்ளோரரில் மேலே வியூ போய் ஹிட்டன் ஐட்டம்ஸ் என்பதை டிக் செய்தால்தான் கண்ணில் படும்.

மூன்று தடவை போட்டும் இது ஏன் ஏறவில்லை? பைதான் இன்ஸ்டாலரின் முதல் திரையை மறுபடி மனதில் கொண்டுவாருங்கள். நடுவில் பெரிதாக ‘இன்ஸ்டால் நௌ’ என்று இருக்கும், கை தானாக அங்கே போய்விடும். அதே திரையின் அடியில், சின்ன எழுத்தில், இரண்டு டிக் கட்டங்கள். அதில் இரண்டாவதுதான் ‘ஆட் பைதான் டாட் இ.எக்ஸ்.இ. டு பாத்’. அது டிக் இல்லாமலேதான் வரும். அதைத் தொடாமல் முப்பது தடவை போட்டாலும் இதே கதைதான்.

இப்போது வேலையை ஆரம்பிக்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, பி, ஒய் இரண்டே எழுத்து, ஒரு இடைவெளி, சிறு கோடும் எம் எழுத்தும் ஒட்டி, ஒரு இடைவெளி, பிப், ஒரு இடைவெளி, இரண்டு சிறு கோடும் வெர்ஷன் என்ற சொல்லும் ஒட்டி. என்டர் தட்டுங்கள்.

பிப்பின் பதிப்பு எண்ணும் அது இருக்கும் இடமும் ஒரே வரியில் வந்தால் உங்கள் பிரச்சினை பாதி தீர்ந்தது. பி-ஒய் என்பது லாஞ்சர், அதாவது பைதானைத் தேடிப்பிடித்துத் தொடங்கிவைக்கும் சின்ன நிரல். பைதான் 3.3 முதல் விண்டோஸ் இன்ஸ்டாலரோடு சேர்ந்தே வருகிறது. வழக்கமாக சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். அந்த ஃபோல்டர் எப்போதும் சீட்டில் இருக்கிற கடை, அதனால் நீங்கள் அந்த டிக்கை மறந்தாலும் இது ஓடும். ‘-எம் பிப்’ என்றால் “உன் உள்ளே இருக்கிற பிப்பை நீயே ஓட்டு” என்று பைதானிடம் சொல்வது. பிப் எந்தச் சந்தில் இருக்கிறது என்று தேடவேண்டிய வேலையே இல்லை. ஆகவே இன்றைக்கே பாண்டாஸ் வேண்டும், நாளைக்கு ரெக்கார்டு நோட்டு வைக்கவேண்டும் என்றால், ‘பி-ஒய் -எம் பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்’ என்று அடித்துவிட்டு வேலையைப் பாருங்கள். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளலாம்.

நான் என் பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்தே இப்படித்தான் பழக்குகிறேன். வெறும் பிப் என்று அடிக்கவே விடுவதில்லை. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று பைதான் இருந்தால், வெறும் பிப் எந்தப் பைதானுக்குச் சரக்கு இறக்கும் என்பது சீட்டின் வரிசையைப் பொறுத்தது. நீங்கள் ஒன்றில் இறக்கிவிட்டு இன்னொன்றில் நிரலை ஓட்டுவீர்கள், ‘நோ மாட்யூல் நேம்டு பாண்டாஸ்’ என்று வரும். பிப் ஓடவே இல்லை என்பதைவிட இது மோசம், ஏனென்றால் எல்லாம் சரியாக நடந்ததுபோலவே தெரியும்.

மூன்று முறை அழித்துப் போட்டிருக்கிறீர்களே, என்னென்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி. பி-ஒய், இடைவெளி, சிறு கோடு, சைபர், பி. சைபரும் பி-யும் கோட்டோடு ஒட்டியிருக்கவேண்டும். கம்ப்யூட்டரில் லாஞ்சருக்குத் தெரிந்த பைதான்கள் எல்லாம் முகவரியோடு வரிசையாக வரும், நட்சத்திரக்குறி போட்டது இயல்பாக ஓடுவது. ஒன்றே ஒன்றுதான் வந்தால் நிம்மதி.

அடுத்து, பைதான் என்று அடித்தால் ஸ்டோர் திறக்கும் விஷயம். அது வைரஸ் இல்லை. விண்டோஸ் 10-க்கு 2019 மே மாதம் வந்த அப்டேட்டிலிருந்து, பைதான் என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை மைக்ரோசாஃப்டே வைத்துவிடுகிறது. ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ்ஆப்ஸ் என்ற ஃபோல்டரில் போய்ப் பாருங்கள், அளவு சைபர் என்று காட்டும். பஜாரில் போர்டு மட்டும் மாட்டிவைத்து, உள்ளே போனால் “அந்தப் பக்கம் எங்க பெரிய கடைக்குப் போங்க” என்று கைகாட்டுவார்களே, அதுபோல. பைதான் இல்லாதவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் வைத்தார்கள், இருப்பவர்களைத்தான் குழப்புகிறது. செட்டிங்ஸைத் திறந்து, தேடும் இடத்தில் ‘ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியாசஸ்’ என்று அடியுங்கள். வரும் பட்டியலில் பைதான், பைதான்3 என்று இரண்டு இருக்கும், இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

சீட்டைத் திருத்துவதற்குப் பைதானை அழிக்கத் தேவையில்லை. டவுன்லோட் செய்த அதே இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டினால், ஏற்கெனவே போட்டிருப்பதைக் கண்டுகொண்டு ‘மாடிஃபை’ என்று ஒரு வழி காட்டும். அதில் போய் நெக்ஸ்ட் கொடுத்தால் வரும் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் திரையில் ‘ஆட் பைதான் டு என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்’ இருக்கும். டிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள், ஒரு நிமிட வேலை. இரண்டு முகவரியையும் அதுவே ஏற்றிவிடும், அதுவும் உங்கள் சீட்டின் தலையில்.

தலையில் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சிலர் அந்த ஏலியாஸ்களை அணைக்காமல், பாத் பட்டியலைத் திறந்து (எப்படி என்று கீழே சொல்கிறேன்) கையால் ஏற்றுவார்கள். ‘நியூ’ கொடுத்து ஒட்டினால் முகவரி பட்டியலின் அடியில் போய் உட்காரும். விண்டோஸ்ஆப்ஸ் அதற்கு மேலே இருக்கும், போர்டு மாட்டிய கடை முந்திக்கொள்ளும், மறுபடி ஸ்டோர் திறக்கும். “ஏத்திட்டேன் சார், அப்பவும் அதான் வருது” என்பார்கள். ஒட்டிய வரியைத் தேர்ந்தெடுத்து ‘மூவ் அப்’ பொத்தானைத் தட்டித் தட்டி மேலே கொண்டுபோகவேண்டும்.

எப்படி ஏற்றினாலும் திறந்திருக்கிற கறுப்பு ஜன்னலை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். ஒரு நிரல் தொடங்கும் நொடியில் சீட்டை ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் நீங்கள் மூலச்சீட்டில் என்ன எழுதினாலும் அதற்குத் தெரியாது. நிரல் எழுதும் வி.எஸ். கோடுக்குள் இருக்கிற டெர்மினல், அதாவது கட்டளை அடிக்கும் இடம் என்றால் டெர்மினலை மட்டும் மூடினால் போதாது, வி.எஸ். கோடையே மூடித் திறக்கவேண்டும். அதுதான் நகலை வைத்துக்கொண்டு தன் டெர்மினல்களுக்குக் கொடுக்கிறது. சரியாகத் திருத்திவிட்டு, இந்த ஒரு காரணத்தால் தப்பு என்று நினைத்து, செய்த திருத்தத்தையே கலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த செட்எக்ஸ். உங்கள் சீனியர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் எனக்கு இந்த அறிவுரையைக் கண்டாலே ஆகாது. ‘செட்எக்ஸ் பாத்’ என்று தொடங்கி, பழைய பாத்தோடு புதிய முகவரியை ஒட்டி எழுதச் சொல்லும் அந்தக் கட்டளைதானே? அதில் இரண்டு வில்லங்கம். விண்டோஸில் சீட்டு உண்மையில் இரண்டு: கம்ப்யூட்டர் முழுவதற்கும் ஒன்று, உங்கள் கணக்குக்கு மட்டும் ஒன்று. ஓடும்போது முதலாவதன் வாலில் இரண்டாவதை ஒட்டிப் படிக்கிறது. செட்எக்ஸ் அந்த ஒட்டிய நீளச் சீட்டை அப்படியே எடுத்து உங்கள் சொந்தச் சீட்டின்மேல் எழுதிவிடுகிறது. இரண்டாவது வில்லங்கம் இதைவிடக் கொடுமை. 1024 எழுத்துக்கு மேல் இருந்தால் செட்எக்ஸ் மிச்சத்தை வெட்டி எறிந்துவிடும். ‘ட்ரங்கேட்டட்’ என்று ஒரு வரி எச்சரிக்கை வரும், ‘சக்ஸஸ்’ என்று நினைத்துக்கொண்டு யாரும் படிப்பதில்லை.

உங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று இதிலிருந்தே தெரிகிறது. கம்ப்யூட்டருக்கான முகவரிகள் முன்னால் இருப்பதால் அவை தப்பித்தன. உங்கள் கணக்குக்கான முகவரிகள் வாலில் இருந்தன, வெட்டு அங்கே விழுந்தது. வி.எஸ். கோடு வழக்கமாக உங்கள் கணக்குக்குள்தான் இன்ஸ்டால் ஆகும், அதனால்தான் ‘கோடு’ போச்சு. இன்னொன்றையும் கவனியுங்கள்: நீங்கள் சேர்க்கப்போன பைதான் முகவரி வாலுக்கும் வால். முதலில் வெட்டுப்பட்டதே அதுதான்.

மீட்பது கஷ்டமில்லை. செட்எக்ஸ் அடிப்பதற்கு முன்பே திறந்த கறுப்பு ஜன்னல் ஏதாவது இன்னும் மூடாமல் இருக்கிறதா? அதிர்ஷ்டம்தான். அதில் ‘எக்கோ’ என்று அடித்து, இடைவெளி விட்டு, இரண்டு சதவீதக்குறிக்கு நடுவில் பாத் என்று அடித்தால் பழைய சீட்டு முழுதாக வரும், நோட்பேடில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை. ஸ்டார்ட்டில் ‘எடிட் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் ஃபார் யுவர் அக்கவுன்ட்’ என்று தேடித் திறங்கள். மேல்பாதியில் பாத் வரியை இரட்டைச் சொடுக்கு செய்தால் பட்டியல் வரும். அதில் சிஸ்டம்32 போன்ற கம்ப்யூட்டருக்கான முகவரிகள் நகலாக நிறைந்திருக்கும், அவற்றை எடுத்துவிடலாம். கீழ்ப்பாதியில் இருக்கிற மூலத்தைத் தொடாதீர்கள். அது கை வைக்கிற இடமில்லை. மேல்பாதியில் இருக்கவேண்டியவை: பைதான்312, அதன் ஸ்க்ரிப்ட்ஸ், விண்டோஸ்ஆப்ஸ், அப்புறம் ஆப்டேட்டா, லோக்கல், ப்ரோகிராம்ஸ், மைக்ரோசாஃப்ட் வி.எஸ். கோடு, பின். கடைசியில் பி, ஐ, என் என்று வருவதுதான் அந்த ‘கோடு’ கமாண்ட் இருக்கும் ஃபோல்டர்.

முடித்ததும், எங்கே என்று பொருள்படும் ‘வேர்’ கமாண்டை அடித்து, கூடவே பிப் என்று கேளுங்கள். சீட்டின் வரிசைப்படி எத்தனை இடத்தில் பிப் அகப்படுகிறதோ அத்தனையும் வரும், முதல் வரியில் வருவதுதான் ஓடப்போவது. பவர்ஷெல் என்ற இன்னொரு கட்டளை ஜன்னலில் அடித்தால் ஒன்றுமே வராது, பயப்படாதீர்கள். அங்கே ‘வேர்’ என்பது வேறொரு கட்டளைக்குச் செல்லப்பெயர். ‘வேர்’ என்ற சொல்லோடு டாட் இ.எக்ஸ்.இ. சேர்த்து அடிக்கவேண்டும்.

இதே அறிகுறியோடு வேறு சில கோளாறுகளும் வரும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போன மாதம் வாலாஜாவிலிருந்து ஒரு பையன் வந்தான். “பிப் அடிச்சா சின்டாக்ஸ் எரர் வருதுண்ணா.” திரையைத் திருப்பிப் பார்த்தால் வரியின் தொடக்கத்தில் மூன்று கூர்முனைக்குறி. பைதானுக்கு உள்ளேயே நின்றுகொண்டு பிப் அடித்திருக்கிறான். அது பைதான் மொழியில் எழுதும் இடம், பிப் அதற்கு வெளியே ஓடுவது. எக்ஸிட் என்று அடைப்புக்குறியோடு அடித்து வெளியே வந்தான், ஓடிற்று. முகம் சுருங்கிப்போயிற்று பையனுக்கு. இதைச் செய்யாத ஆளே இல்லை என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

‘ஃபேட்டல் எரர் இன் லாஞ்சர்’ என்று வந்தால் பிப் கிடைத்துவிட்டது, ஆனால் அதற்குப் பைதான் கிடைக்கவில்லை என்று பொருள். ஸ்க்ரிப்ட்ஸில் இருக்கும் பிப் ஒரு சின்னத் தூதுவன்தான். இன்ஸ்டால் செய்த நாளில் பைதான் எங்கே இருந்ததோ அந்த முகவரியை வயிற்றுக்குள் எழுதி வைத்திருக்கும். ஃபோல்டரின் பெயரை மாற்றினாலோ, சி-யிலிருந்து டி-க்கு நகர்த்தினாலோ, பழைய வீட்டு வாசலில் போய் நின்று கத்தும். ஒரு வேலைக்கென்று பைதானைத் தனியாகப் பிரித்து வைக்கிற மெய்நிகர் சூழல், அதாவது வென்வ் ஃபோல்டரைப் பென் டிரைவில் நண்பனுக்குக் கொடுப்பவர்களுக்கும் இதுதான் நேரும். வென்வை நகர்த்தக்கூடாது, அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கவேண்டும். அதை மட்டும் தாராளமாக அழிக்கலாம்.

‘நோ மாட்யூல் நேம்டு பிப்’ என்று பைதானே சொன்னால் உண்மையிலேயே பிப் இல்லை. ‘பி-ஒய் -எம் என்ஷ்யூர்பிப்’ அடித்தால் பைதானுக்குள் பொதிந்திருக்கும் பிரதியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும், இன்டர்நெட்கூட வேண்டாம். 2014 மார்ச்சில் வந்த பைதான் 3.4 முதல் இந்த வசதி இருக்கிறது. கெட்-பிப் என்ற கோப்பைத் தேடிப்பிடித்து டவுன்லோட் செய்து ஓட்டச் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் அதற்கு முந்தைய காலத்து வழக்கம்.

நோட் ஜே.எஸ். படிப்பவர்களுக்கு, பைதானுக்குப் பிப் போல அதற்கு இருக்கிற என்.பி.எம். பவர்ஷெல்லில் ‘ரன்னிங் ஸ்க்ரிப்ட்ஸ் இஸ் டிஸேபிள்டு’ என்று நின்றுவிடும். அது பாத் கோளாறே அல்ல. பவர்ஷெல் ஸ்க்ரிப்ட் கோப்புகளை ஓட்ட விண்டோஸ் இயல்பாகத் தடை வைத்திருக்கிறது, அதில் என்.பி.எம். மாட்டிக்கொள்கிறது. பழைய கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அடியுங்கள், ஓடும்.

உங்கள் அக்காவின் லேப்டாப்பில் விண்டோஸ் 10 ஏற்றியது நல்லதாகப் போயிற்று. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பழைய லேப்டாப்கள் சில இன்னும் விண்டோஸ் 7-லேயே என் கடைக்கு வருகின்றன. அதில் பைதான் 3.8-தான் கடைசி, 3.9-இலிருந்து இன்ஸ்டாலரே மறுத்துவிடும். அப்படிப்பட்டவர்கள் அதிலேயே கூட இருக்கும் பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தின் பக்கமும் எட்டிப் பார்க்கலாம். அதைப்போல டெபியன் என்ற லினக்ஸின் வழி வந்த எதிலும் பிப் தனிப் பொட்டலம், ‘பைதான்3-பிப்’ என்று ஏ.பி.டி. என்ற கட்டளை மூலம் போடவேண்டும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் பிப் ஓடினாலும் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’ என்று மறுக்கும். இயங்குதளமே நம்பியிருக்கிற பைதானில் கண்டதையும் கொட்டாதே என்று அர்த்தம். வென்வ் உருவாக்கி அதற்குள் போடுங்கள். தடையை உடைக்கும் ஆப்ஷனைத் தேடிப் போகாதீர்கள்.

பிப் ஓடத் தொடங்கியும் ‘சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு’ என்று நின்றால், முதலில் வலது ஓரத்தில் தேதியைப் பாருங்கள். காட்பாடிப் பக்கம் ஒரு லேபில் பாதி சிஸ்டத்தில் பிப் ஓடுகிறது, பாதியில் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். நெட்வொர்க்கைக் குடைந்து ஒரு மணி நேரம் போனது. அப்புறம்தான் கண்ணில் பட்டது, ஓடாத சிஸ்டங்களில் எல்லாம் தேதி 2009. மதர்போர்டில் இருக்கும் ரூபாய்க் காசு அளவு பேட்டரி, சி.ஆர். 2032, செத்துப்போயிருந்தது. பிப் சரக்கு எடுக்கும் தளம் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழ் காட்டும், 2009-இல் நின்றுகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. கேபினெட்டைக் கழற்றி, நகத்தால் கிளிப்பைத் தள்ளி, புது பேட்டரி போட்டு, தேதியைச் சரிசெய்தோம். பைதானில் ஒரு எழுத்து மாற்றவில்லை.

இத்தனைக்கும் பிறகு உங்களுக்கு ஓடவில்லையென்றால், ‘பி-ஒய் -சைபர் பி’, ‘வேர் பைதான்’, ‘வேர் பிப்’, ‘எக்கோ பாத்’ நான்கும் என்ன சொல்கின்றன என்று அனுப்புங்கள். திரையை ஃபோனில் படம் பிடிக்கவேண்டாம், ட்யூப் லைட் வெளிச்சம்தான் பளிச்சென்று தெரியும். ஜன்னலில் இழுத்துத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் நகல் ஆகிவிடும், அதை எழுத்தாகவே ஒட்டுங்கள். உங்கள் பெயர் அந்த முகவரிகளில் வரும், அதை மட்டும் அழித்துவிட்டு.